ஒரு குப்பி துப்பாக்கி எண்ணெய்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இது என் மனைவி சொல்வது. லாரி ஓட்டிய காலத்தில் என்னோடு வேலை செய்தவர்களும் இதையேதான் சொன்னார்கள், கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு. வயதாகி, ஸ்டியரிங்கைத் தொட்டே பல வருடம் ஆன பிறகும் அது குறைந்தபாடில்லை. ஒரே ஒரு மனிதரை நினைக்கும்போது மட்டும் அந்தக் கோபம் வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும். அந்த மனிதரை ஒரு பகல் முழுக்க வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் இல்லாவிட்டால் இதை எழுத நான் இந்த நாட்டிலேயே இருந்திருக்க மாட்டேன்.

மலாயாவில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ரப்பர் தோட்டம் புக்கிட் பெலண்டோக்கைத் தாண்டி உள்ளே தள்ளி இருந்தது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, வாசலில் காவல் வைத்திருந்தார்கள். பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகும் பெண்கள் ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது. காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்ட்காரர்கள் கைக்குப் போய்விடும் என்று சந்தேகம். தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார்கள், சில நாள் கொண்டையைக்கூட அவிழ்க்கச் சொல்வார்கள். என் மனைவி வாசலைத் தாண்டும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு போய், தாண்டியதும் பேச ஆரம்பிப்பாள். அவள் வாய்க்கு முன்னால் என் கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை.

நான் ஓட்டியது சண்டைக்காலத்து ராணுவ லாரி. பட்டாளம் கழித்துக்கட்டியதைத் தோட்டம் ஏலத்தில் எடுத்திருந்தது. அவசரகாலம் வந்ததும் டிரைவர் உட்காரும் இடத்தைச் சுற்றிக் குண்டு துளைக்காத இரும்புத் தகடு அடித்தார்கள். எனக்கு அது பாதுகாப்பு, லாரிக்கு அது பாரம். மேடு ஏறும்போதெல்லாம் பாவம் முனகிக்கொண்டே ஏறும். இருந்தாலும் ஒரு நாள்கூட என்னை நடுவழியில் விட்டதில்லை. அதனால் அதன்மேல் எனக்கு ஆசை அதிகம்.

ஆயுத பூஜை வந்தால் மற்ற டிரைவர்கள் வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதாது. ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கூட்டின் குழாய்க்கு அடிக்க, சூடு தாங்கும் வெள்ளிநிறப் பெயிண்ட் வாங்குவார்கள். அதில் மிச்சத்தைக் கேட்டு வாங்கி வந்து, லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கண்ணில் பட்ட இரும்புக்கெல்லாம் அடித்துவிடுவேன். ஒரு மூலை விடமாட்டேன்.

"அடியில போயி யாரு குனிஞ்சு பாக்கப் போறா?" என்று மனைவி கேட்பாள்.

"சாமி பாக்கும்" என்பேன்.

நாலு ஆயுத பூஜைக்கு நாலு பூச்சு ஆகியிருந்தது. லாரியின் அடிவயிறு அம்மன் கோயில் வெள்ளிக்கவசம் மாதிரி மின்னும். எனக்கு அதில் பெருமைதான்.

லாரி உடைந்த கதையைச் சொல்வதற்கு முன் ஒன்றை விளக்கிவிடுகிறேன். லாரி ஸ்பிரிங் என்றால் சுருள் இல்லை. ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய நீண்ட இரும்புப் பட்டைகள். மேல் பட்டையின் பின்முனை வளையமாகச் சுருண்டிருக்கும். அந்த வளையம் இரண்டு தகடுகளுக்கு நடுவே, கட்டைவிரலைவிடத் தடித்த ஓர் இரும்புத் தண்டில் மாட்டியிருக்கும். தகடுகளை ஷாக்கிள் என்போம், தண்டைப் பின்னு என்போம். பாரம் ஏறினால் பட்டை நிமிர்ந்து நீளும். ஷாக்கிள் ஊஞ்சல் மாதிரி ஆடி அதற்கு இடம் கொடுக்கும். பின்னு துருப்பிடித்து இறுகிவிட்டால் ஊஞ்சல் ஆடாது. பிறகு என்றைக்காவது பட்டைதான் உடையும்.

எனக்கு அது உடைந்தது லுக்குட்டிலிருந்து தோட்டத்துக்கு அரிசி ஏற்றி வந்த ஒரு காலையில். பத்து மூட்டை. அரிசி லாரிக்குக் காவல் துணை வரும் வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. கூட வரும் உதவியாள், கெலிண்டானும் காய்ச்சலில் படுத்துவிட்டதால் நான் தனி ஆள். தோட்டத்துக்கு இரண்டு மைல் இருக்கும்போது, காட்டை ஒட்டிய வளைவில், பின்பக்கம் 'டமார்' என்றது. வேட்டுச் சத்தம் என்றுதான் முதலில் தலையைக் குனிந்தேன். பிறகுதான் லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது தெரிந்தது. அந்த இடத்தில் நிற்கப் பயம். முறிந்த பட்டை சட்டத்தில் கறகறவென்று உரச உரச, இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு ஓட்டினேன். அதற்கு மேல் டயர் சுற்றவில்லை.

இறங்கித் தோட்டத்துக்கு நடந்தேன். வேறு வழியில்லை. காவலர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து மூட்டைகளை எண்ணினால் எட்டுதான் இருந்தன.

அந்த இரண்டு மூட்டையை யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காட்டுக்காரர்களா, வழியில் போன யாராவதா, கடவுளுக்கே வெளிச்சம். ஆனால் விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரிக்கு உடனே தெரிந்துவிட்டது. அவர் வெள்ளைக்காரர், நல்ல உயரம், வெயிலில் சிவந்த கழுத்து. டார்ச் லைட்டோடு குனிந்து முறிந்த பட்டையின் முனையைப் பார்த்தார். அது சட்டத்தில் உரசித் தேய்ந்து பளபளவென்று இருந்தது. விரலால் தடவிப் பார்த்து ஏதோ சொன்னார். மொழிபெயர்க்க நின்ற தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணியின் முகம் வெளுத்துவிட்டது.

"அரம் போட்டு ராவின மாதிரி இருக்குன்னு சொல்றாருப்பா. நீயே ஏற்பாடு பண்ணி, அந்த எடத்துல ஒடைய வச்சியான்னு கேக்குறாரு."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? அவருடைய டார்ச்சைப் பற்றியும், கண்ணைப் பற்றியும், லாரிக்கு அடியில் அவர் எத்தனை நாள் படுத்திருக்கிறார் என்பதைப் பற்றியும் மூச்சு விடாமல் பேசினேன். கிராணி பொறுமையாகக் கேட்டார். பிறகு அதிகாரியிடம் திரும்பி மூன்றே மூன்று வார்த்தை இங்கிலீஷில் சொன்னார். அதில் 'சார்' ஒன்று. அந்த மனிதருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். நான் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"பின்னு எறுகிப் போச்சுங்க. அதனாலதான் பட்டை ஒடைஞ்சிச்சு. ஒடைஞ்ச இன்னொரு பாதி ஷாக்கிளுக்குள்ள ஒரசாம அப்படியே இருக்கு. எடுத்துக் காட்டுறேன்" என்று கடைசியாகச் சொன்னேன். இதை மட்டும் கிராணி முழுதாகச் சொன்னார்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாளை மாலை நாலு மணிக்கு வருவேன், அதற்குள் அந்தப் பாதியை எடுத்து வை என்றார். இல்லாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. சிரம்பான் லாக்கப், பிறகு கப்பல். சந்தேகம் ஒன்றே போதும், கோர்ட்டுக்குக்கூடப் போகாமல் ஆளை இந்தியாவுக்கு ஏற்றி அனுப்பிவிடுவார்கள். என்னைக் காவல் பார்க்கத் தோட்டத்து ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஒருவரை நிறுத்தினார். மலாய்க்காரர், லிங்கி பக்கத்து ஆள், எனக்கும் அவருக்கும் ஒரே வயது இருக்கும். இவனோடு பேசக் கூடாது, இவனை விட்டு நகரக் கூடாது என்பது அவருக்கு உத்தரவு. லாரியை டிராக்டரில் கட்டி இழுத்து வந்து, வேலிக்குள் புகைக்கூட்டுப் பக்கத்தில் விட்டார்கள்.

மறுநாள் விடியும்போது, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பிய மனைவி பால் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"கப்பல்ல ஏத்துனா எங்க எறக்குவாங்க?"

"நாகப்பட்டணம்."

"அங்க நமக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

நான் பிறந்தது இந்தத் தோட்டத்து லயத்தில். அவள் பிறந்தது பத்து மைல் தள்ளி இன்னொரு லயத்தில். நாகப்பட்டினத்தை எங்கள் அப்பாக்களின் வாயில் கேட்டதோடு சரி. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஏழு மணிக்கு லாரிக்கு அடியில் புகுந்தேன். காவலர் எதிரே ஒரு ரப்பர்க் கட்டைமேல் உட்கார்ந்து, துப்பாக்கியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். பின்னின் ஒரு முனையில் நட்டு, மறுமுனையில் தலை. நட்டைக் கழற்றவே ஒன்றரை மணி நேரம் ஆனது. உளி வைத்து அடித்து, மண்ணெண்ணெய் ஊற்றி, மறுபடி அடித்து, ஒரு வழியாக வந்தது. இனி பின்னு தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். பெரிய சுத்தியலை எடுத்து நட்டு இருந்த முனையில் ஓங்கி ஓங்கி அடித்தேன். பத்து அடி அடித்துவிட்டுப் பார்த்தால் முனை காளான் குடை மாதிரி விரிந்திருக்கிறது. பின்னு இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. நடுவே கட்டை கொடுத்து அடித்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியாததும் இல்லை. பதற்றத்தில் தெரிந்ததெல்லாம் மறந்துவிட்டது.

விரிந்த முனை இனி துவாரத்துக்குள் நுழையாது. ஆக, ஒரே வழி. இரும்பு அறுக்கும் வாளை எடுத்து, தகட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே வைத்தேன். வெட்டினால் ஒரு மணி நேரத்தில் துண்டு கையில்.

"ஜாங்கான்" என்றது எதிரே ஒரு குரல். வேண்டாம் என்று அர்த்தம்.

திரும்பிப் பார்த்தேன். காவலர் எழுந்து நின்றிருந்தார். நான் வாளை நகர்த்தவில்லை. அவர் ஓர் எட்டு முன்னால் வந்து, துப்பாக்கி அடிக்கட்டையால் வாளை மெல்ல ஒதுக்கிவிட்டு, திரும்பவும் போய்க் கட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! இரும்பைப் பற்றி இந்த ஆளுக்கு என்ன தெரியும்? நான் கப்பல் ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவானா? இப்படியெல்லாம் தமிழில், சத்தமாக, லாரிக்கு அடியில் படுத்தபடி பேச ஆரம்பித்தேன். மலாயில் திட்டினால் மாட்டிக்கொள்வேன், தமிழில் திட்டினால் யாருக்கு என்ன என்ற தைரியம். எருமை என்றேன். உலக்கை என்றேன். அவரைப் பெற்று வளர்த்தவர்களின் பொறுமையைப் பற்றியும் பேசினேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

பிறகு அரத்தை எடுத்து விரிந்த முனையை ராவினேன். புகைக்கூட்டு அடுப்பிலிருந்து கனல் கொண்டுவந்து, ஓட்டை போட்ட மண்ணெண்ணெய் டின்னில் போட்டு, ஷாக்கிளுக்கு அடியில் தூக்கிக் கட்டினேன். சூட்டில் தகடு விரிந்தால் பின்னு விடும் என்று கணக்கு. மரம் வெட்டி, பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த மனைவி, பலகாரத் தட்டு ஒன்றை எடுத்து வந்து கனலை விசிற உட்கார்ந்தாள். காலையிலிருந்து மரத்தோடு மல்லுக்கட்டிய கை. வேர்வை வழிய வழிய விசிறினாள். இரும்பு தொட முடியாதபடி சுட்டது. இப்போது கட்டை கொடுத்து, முறையாக அடித்தேன். அசையவில்லை. கனலை எடுத்துவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றினேன். அது வெளியே பளபளவென்று வழிந்து தரையில் சொட்டியது, ஒரு துளி உள்ளே போகவில்லை.

ஒரு மணி தாண்டியது. மறுபடி வாளை எடுத்தேன். இந்தத் தடவை காவலர் 'ஜாங்கான்' என்றுகூடச் சொல்லவில்லை. வந்தார், வாளை என் கையிலிருந்து வாங்கினார், கட்டைமேல் போட்டார், அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

இதைப் பார்த்து என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. காலையில் சொல்லாமல் விட்டதையெல்லாம் சேர்த்து இப்போது சொன்னேன். அவற்றை இங்கே எழுத முடியாது. பேரப்பிள்ளைகள் படிப்பார்கள்.

திட்டித் தீர்ந்ததும் ஒரு யோசனை வந்தது. அடித்து வராததைத் திருகிப் பார்க்கலாமே. பின்னின் தலை மறுபக்கம் இருக்கிறது. அதில் ஸ்பானர் பிடிக்க வேண்டுமென்றால் அங்கே தடித்திருக்கும் பெயிண்டைச் சுரண்ட வேண்டும். உளி முனையால் சுரண்டினேன். ஒரு பூச்சு உரிந்தது, அதற்கடியில் இன்னொன்று. தலையின் நடுவில் சின்னதாக ஒரு மேடு தட்டுப்பட்டது. அதன்மேல் இருந்த பூச்சையும் சுரண்டினேன்.

அது கிரீஸ் நிப்பிள். பின்னுக்குள் கிரீஸ் போவதற்கென்றே வைத்த வாய். அதன் துவாரத்தை வெள்ளிப் பெயிண்ட் சீல் வைத்த மாதிரி அடைத்திருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சனிக்கிழமை தவறாமல் கிரீஸ் அடித்தவன் நான். கிரீஸ் அடிக்கும் கன்னை அதில் வைத்து அழுத்தினால் கிரீஸ் வெளியே பிதுங்கி வழியும். உள்ளே நிறைந்து வழிகிறது என்று நினைத்துத் துடைத்துவிட்டுப் போவேன். நாலு வருடமாக ஒரு பொட்டு கிரீஸ் உள்ளே போகவில்லை. பின்னு காய்ந்து, துருப்பிடித்து, வளையத்தோடு ஒன்றாகிவிட்டது. லாரியை யாரும் கெடுக்கவில்லை. நான்தான் கெடுத்தேன், அதுவும் ஆசையாக, சாமி பேரைச் சொல்லி.

"நான்தான்டி" என்றேன் மனைவியிடம். "நான் பூசுன பெயிண்ட்டுதான் அடைச்சிருக்கு. லாரிய நானேதான் கொன்னிருக்கேன்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். என் முதுகில் கையை வைத்தாள்.

அப்போதுதான் பின்னால் ஒரு சத்தம். காவலர் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து, அடிக்கட்டையில் இருந்த பித்தளை மூடியைத் திறந்துகொண்டிருந்தார். உள்ளேயிருந்து விரல் நீளத்தில் ஒரு பித்தளைக் குப்பி எடுத்தார். துப்பாக்கிக்குப் போடும் எண்ணெய், தண்ணீர் மாதிரி மெல்லியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் பக்கத்தில் குந்தினார்.

"திட்டுனது போதும் லா. இதப் புடி. ஓட்டை வழியா ஊத்து."

தமிழ். எங்கள் லயத்துத் தமிழ், அதே இழுவையோடு.

மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. லிங்கியில் அவருடைய வீடு ஒரு தோட்டத்து லயத்தை ஒட்டி இருந்ததாம். நடை பழகின நாளிலிருந்து எங்கள் பிள்ளைகளோடுதான் விளையாட்டாம். எருமையிலிருந்து எல்லாமே அவருக்குப் புரிந்திருக்கிறது.

"பேசக் கூடாதுன்னு ஆர்டர். அதான் பேசல" என்றார் மெதுவாக. "வாள் போட்டா, வாள் போட்ட தடம் இருக்கும். அப்புறம் முன்னாடியே போட்டியா, இன்னிக்குப் போட்டியான்னு யாருக்குத் தெரியும்? நீ என்னா சொன்னாலும் அந்த வெள்ளக்கார துவான் நம்ப மாட்டாரு."

காலை முழுக்க நானேதான் கப்பலேறுவதற்கு அவசரப்பட்டிருக்கிறேன். அவர் வாளின்மேல் உட்கார்ந்து அதைத் தடுத்திருக்கிறார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கடிகாரத்தைக் காட்டினார். இரண்டு ஆகப்போகிறது.

நிப்பிளைத் திருகிக் கழற்றினேன். உள்ளே பழைய கிரீஸ் மெழுகு மாதிரி கெட்டியாகியிருந்தது. மனைவி கொண்டையிலிருந்து ஊசியை உருவிக் கொடுத்தாள். குத்திக் குத்தி எடுத்தேன். அந்தத் துவாரம் பின்னின் நடுவரை போய், அங்கிருந்து பக்கவாட்டில் திறக்கும். அதாவது இறுக்கம் எங்கே இருக்கிறதோ அங்கேயே. துளித் துளியாக எண்ணெய் விட்டேன். வெளியே மண்ணெண்ணெய் எவ்வளவு ஊற்றியும் நடக்காதது இப்போது நடந்தது, எண்ணெய் உள்ளே இறங்கியது. கொஞ்சம் சூடு காட்டி, மறுபடி விட்டேன். குப்பி காலியாகும் வரை அவர் கையை நீட்டிக்கொண்டேயிருந்தார். "வேணாம், உங்களுக்கு வேணும்ல" என்றேன். "ஊத்து" என்றார்.

மூன்று மணிக்குத் தலையில் ஸ்பானரை மாட்டி, அதன் கைப்பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகித் தொங்கினேன். என் பாரம் போதவில்லை. அப்போது அவர் செய்ததை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. துப்பாக்கியை லாரி டயரில் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். அந்த நாளில் காவலர் துப்பாக்கியைக் கைவிட்டால் ஜெயில்தான். மனைவி ஓடிப்போய் அதற்கு முன்னால் புடவையை விரித்துக்கொண்டு நின்றாள், வாசல் பக்கமிருந்து யாரும் பார்க்காதபடி. நாங்கள் இரண்டு பேரும் குழாயைப் பிடித்துத் தொங்கினோம்.

'டக்.'

ஓர் அரிசி அளவு திரும்பியது. திருப்பிப் போட்டுத் தொங்கினோம், இந்தப் பக்கம் ஓர் அரிசி. பிறகு இரண்டு. சிவப்புத் துருவும் எண்ணெயும் குழைந்து ரத்தம் மாதிரி கசிந்தது. அதற்குப் பிறகு கட்டை கொடுத்து அடிக்க அடிக்க, விரல் விரலாக நகர்ந்து, மூன்றரை மணிக்குப் பின்னு முழுதாக வெளியே வந்தது. உடைந்த வளையம் தொப்பென்று என் மார்பில் விழுந்தது. வலித்தது. நல்ல வலி.

வெளியே ஊர்ந்து வந்து வெயிலில் பிடித்துப் பார்த்தோம். முறிந்த முகம் தெளிவாக இருந்தது. ஒரு பாதி புதிதாக உடைந்த சாம்பல் நிறம். மறு பாதி பழைய விரிசல், பழுப்புத் துரு. அந்தத் துருவின்மேல், விரிசலுக்குள் ஆழமாகப் போய், ஒரு வெள்ளிநிறக் கீற்று. நான் பூசிய பெயிண்ட் விரிசலுக்குள் வழிந்து காய்ந்திருக்கிறது. அத்தனை சூட்டுக்கும் அது உரியவில்லை, புகைக்குழாய்ப் பெயிண்ட் அல்லவா. ஆயுத பூஜை அன்றைக்கே பட்டை விரிசல் விட்டிருந்தது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? நான் வாள் வைக்கப்போன ஓரத்தில்தான் அந்தக் கீற்று இருந்தது, வாள் போட்டிருந்தால் அதுதான் முதலில் போயிருக்கும்.

"சாமி பாத்துருச்சு" என்றாள் மனைவி.

நாலு மணிக்கு ஜீப் வந்தபோது காவலர் துப்பாக்கியோடு கட்டைமேல் ஊமையாக உட்கார்ந்திருந்தார். அதிகாரியோடு தோட்டத்து மேனேஜர் தொரையும் கிராணியும் வந்தார்கள். அதிகாரி வளையத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் வெள்ளியைச் சுரண்டினார். குனிந்து லாரியின் அடிவயிற்றைப் பார்த்தார். எப்போது பெயிண்ட் அடித்தது என்று கேட்டார்.

"ஆயுத பூஜைக்கு. ஏழு மாசம் ஆச்சு" என்றேன். கேட்காமலே நிப்பிள் கதையையும் சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது.

அதிகாரியின் கண் கட்டைமேல் கிடந்த வாளுக்குப் போனது. அது இதைத் தொட்டதா என்று காவலரிடம் மலாயில் கேட்டார். காவலர் விறைப்பாக நின்று, "தாடா, துவான்" என்றார். இல்லை ஐயா. அவ்வளவுதான். வளையத்தை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார். கிராணி என் பக்கம் திரும்பி, "உன்ன விட்டுட்டாங்கப்பா" என்றார். தொரைதான் கத்தினார். புது ஸ்பிரிங் வந்ததும் மாட்டிக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் புல் வெட்டப் போ என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. புல் வெட்டுவது இந்த மண்ணில்தானே.

மூன்றாம் நாள் சிரம்பானிலிருந்து ஸ்பிரிங்கும் பின்னும் வந்தன. மாலையில் நான் லாரிக்கு அடியில் இருந்தபோது, காவலர்களுக்குத் துப்பாக்கிச் சோதனை நடந்தது. அவர்களுடைய சார்ஜன்ட் ஒவ்வொரு குப்பியாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு எண்ணெய் கொடுத்தவருடைய குப்பி காலி. எண்ணெய் எங்கே என்றதற்கு அவர் கொட்டிவிட்டேன் என்றார். துப்பாக்கியைத் தலைக்கு மேலே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு புகைக்கூட்டை ஒட்டிய ஸ்டோர் திடலைப் பத்துச் சுற்று ஓடச் சொன்னார்கள்.

எனக்கு நெஞ்சு தாங்கவில்லை. சார்ஜன்டிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று லாரிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தேன். முதல் சுற்றில் என்னைத் தாண்டி ஓடும்போது அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"ஜாங்கான்" என்றார்.

இந்தத் தடவை எனக்குப் புரிந்தது. எண்ணெய் கொட்டினால் பத்துச் சுற்று. உத்தரவை மீறி என்னோடு பேசினதும் துப்பாக்கியைக் கீழே வைத்ததும் வெளியே வந்தால் பத்துச் சுற்றோடு போகாது. திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டேன். புதுப் பின்னை மாட்டினேன், நட்டை இறுக்கினேன். அவருடைய பூட்ஸ் கால்கள் சக்கரத்துக்கு அப்பால் திரும்பத் திரும்ப வந்துபோவது தெரிந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் கால் கனத்துக்கொண்டே வந்தது. என் மனைவி லயத்து வாசலில் ஒரு செம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு, கொடுக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

எட்டாவது சுற்றில் அந்தக் கால்கள் லாரிப் பக்கத்தில் தளர்ந்தன. மூச்சு வாங்கியது கேட்டது.

"கிரீஸ் அடிச்சியா?" என்றது குரல், எங்கள் லயத்துத் தமிழில்.

கன்னை நிப்பிளில் வைத்து அழுத்தினேன். ஷாக்கிளின் இரண்டு பக்கத்திலிருந்தும் புது கிரீஸ் பிதுங்கிக்கொண்டு வந்தது. அவரை அத்தனை விதமாகத் திட்டத் தெரிந்த வாய்க்கு அப்போது ஒரு வார்த்தைதான் கிடைத்தது.

"அடிச்சேன்" என்றேன்.

கால்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. இன்னும் இரண்டு சுற்று இருந்தது.